தமிழ்நாட்டு அகதி முகாமிலிருந்து தங்கச்சியும் பிள்ளைகளும் வருகிறார்கள், இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் முதலில் என்ன செய்து கொடுப்பது?

பொகவந்தலாவ_ராணி எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள், சுருக்கினால் விஷயம் விளங்காது.

என் சித்தி குடும்பம் 1977 கலவரத்துக்குப் பிறகு தோட்டத்தை விட்டு வவுனியாவுக்குக் குடிபோனவர்கள். 1990ல் மறுபடி சண்டை மூண்டபோது மன்னாரில் படகேறி ராமேஸ்வரம் போய், மண்டபத்தில் கொஞ்ச காலம் இருந்து, அப்புறம் பவானிசாகர் முகாமுக்கு அனுப்பிவிட்டார்கள். அப்போது சித்தி மகளுக்கு மூன்று வயது. அவள் படித்தது, கல்யாணம் கட்டியது, பிள்ளை பெற்றது எல்லாம் அந்த முகாமில்தான். புருஷன் பெயிண்ட் வேலைக்குப் போனவர், நெஞ்சு வலி வந்து போன வருஷம் தவறிவிட்டார். சித்தியும் சித்தப்பாவும் ஏற்கனவே இல்லை. மகளுக்கு 13 வயது, எட்டாம் வகுப்பு. மகனுக்கு ஆறு. இனி அங்கே தனியாக இருக்க முடியாது அக்கா, உங்களிடம் வந்துவிடுகிறேன் என்று சொல்லிவிட்டாள். ஊர் திரும்புகிறாள் என்று நாங்கள் சொல்கிறோமே தவிர, மூன்று வயதில் போனவளுக்கு இங்கே ஒரு முகமும் தெரியாது, பிள்ளைகளைப் பற்றிக் கேட்கவே வேண்டாம்.

எங்கள் வீடு இரண்டு காம்பராவும் (அறை) ஒரு இஸ்தோப்பும்தான் (முன் திண்ணை). நான், வீட்டுக்காரர், மாமியார், இரண்டு பிள்ளைகள். 2025 நவம்பரில் டித்வா புயல் மழை அடித்ததற்குப் பிறகு எங்கள் லயத்துக்கு (வரிசை வீடுகளுக்கு) பின்னால் மண் வெடித்துக் கிடக்கிறது, கடைசி வீட்டுக்காரர்கள் இன்னும் சொந்தக்காரர் வீட்டில்தான் இருக்கிறார்கள். ஆனாலும் அவளை வேண்டாம் என்று சொல்ல மனசு வராது, சொல்லவும் மாட்டேன்.

என் கேள்விகள் இவைதான். வருவதற்கு முன்னால் அவள் அங்கே என்னென்ன பேப்பர் எடுக்க வேண்டும்? பெரிய பிள்ளையை எந்தத் தரத்தில் (வகுப்பில்) சேர்ப்பார்கள், சிங்களம் ஒரு எழுத்து கூடத் தெரியாதே? வீட்டுக்காரர் சொல்கிறார், வந்த கையோடு தோட்டத்தில் வேலைக்குப் பேர் பதிந்து தேயிலைக் கொழுந்து பறிக்க அனுப்பிவிடலாம், ஒரு வருமானம் ஆச்சு என்று. அது சரியா? இன்னொன்று, பெரியவள் வரமாட்டேன் என்று ஒரே அழுகையாம். போன வாரம் போனில் தங்கச்சி கேட்டாள், "அக்கா, அங்க வந்தா எம் புள்ளைங்களுக்கு ஒரு நாடு இருக்குமா?" எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

---

வவுனியா_செல்வி எழுதியது:

ராணி அக்கா, நான் கும்மிடிப்பூண்டி முகாமிலிருந்து இரண்டு பிள்ளைகளோடு வந்தவள். எங்கள் தாத்தாவும் அட்டன் பக்கத்துத் தோட்டம்தான். அதனால் உங்கள் தங்கச்சியின் இடத்தில் நின்றே சொல்கிறேன்.

முதலில் பேப்பர். அங்கே இருக்கும்போது எடுப்பது சுலபம், இங்கே வந்து தேடுவது பெரும்பாடு. இரண்டு பிள்ளைகளின் இந்தியப் பிறப்புச் சான்றிதழ், அவளுடைய கல்யாணப் பதிவு இருந்தால் அது, புருஷனின் மரணச் சான்றிதழ், முகாம் அட்டை, பள்ளிக்கூடத்தில் கொடுக்கும் டி.சி., மார்க் ஷீட், ஊசி போட்ட அட்டை. எல்லாவற்றிலும் பெயரின் எழுத்தும் இனிஷியலும் ஒன்றாக இருக்கிறதா என்று உட்கார்ந்து பார்க்கச் சொல்லுங்கள். ஒன்றில் "சரஸ்வதி", இன்னொன்றில் "சரசு" என்றிருந்தால் இங்கே ஒவ்வொரு மேசையிலும் நின்று விளக்கம் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். மரணச் சான்றிதழை ஒன்றுக்கு நாலு பிரதி எடுக்கச் சொல்லுங்கள். சென்னையில் இருக்கும் இலங்கைத் துணைத் தூதரகத்தில் பிள்ளைகளின் பிறப்பைப் பதிந்து, குடியுரிமைச் சான்றிதழ் வாங்கிக்கொண்டு வருவதுதான் எல்லாவற்றிலும் முக்கியம். முகாமில் ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகத்து ஆட்கள் வருவார்கள், ஓஃபர் என்றால் எல்லோருக்கும் தெரியும். படிவம் நிரப்ப அவர்களிடம் கேட்கட்டும்.

இன்னொன்று. அந்தப் பேப்பரெல்லாம் அவள் கையிலேயே இருக்கட்டும். வந்த வீட்டில் பத்திரமாக இருக்கட்டும் என்று மாமாவோ அண்ணனோ வாங்கி அலமாரியில் வைத்துப் பூட்டிவிடுவார்கள், அன்பாகத்தான் செய்வார்கள், ஆனால் அப்புறம் அவள் ஒரு காரியத்துக்குப் போக வேண்டுமென்றாலும் சாவிக்கு இன்னொருவரைக் கேட்டு நிற்க வேண்டும். முகாமில் முப்பது வருஷத்துக்கு மேல் வெளியே போக, உள்ளே வர எல்லாவற்றுக்கும் அனுமதி கேட்டு வாழ்ந்தவள் அக்கா. இங்கேயும் அதே வாழ்க்கை வேண்டாம். ஒரு பிளாஸ்டிக் ஃபைல் வாங்கிக் கொடுங்கள், அவள் பையில் இருக்கட்டும். அடையாள அட்டை வந்ததும் அவள் பெயரில் ஒரு வங்கிக் கணக்கு. என்ன உதவிப் பணம் வந்தாலும் அவள் கணக்குக்கே வரட்டும்.

என் மகன் வந்த புதிதில் கடைக்குப் போகக் கிளம்பினால்கூட, "அம்மா, யாருகிட்ட கையெழுத்து போடணும்?" என்று கேட்பான். முகாமில் தணிக்கைக்கு ஆள் வரும் நாளில் எல்லோரும் வரிசையில் நிற்க வேண்டும், அதைப் பார்த்தே வளர்ந்த பிள்ளை. ரோட்டில் பொலிஸ் ஜீப் போனால் வீட்டுக்குள் ஓடி வந்துவிடுவான். அதட்டவில்லை, சிரிக்கவும் இல்லை, கையைப் பிடித்துக்கொண்டு தினமும் அதே ரோட்டில் நடந்தோம். தன்னால் போய்விட்டது. தங்கச்சியின் சின்னவனுக்கும் இப்படி ஏதாவது இருக்கும், முன்கூட்டியே உங்கள் பிள்ளைகளிடமும் சொல்லி வையுங்கள்.

கொழுந்துக்கு அனுப்புவதைப் பற்றி: கொஞ்சம் பொறுங்கள். முதல் இரண்டு மூன்று மாதம் கச்சேரி (அரசாங்க அலுவலகம்), பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி என்று அவளுக்கு அலைச்சல்தான் இருக்கும். பேர் பதிந்துவிட்டு வேலைக்குப் போகாமல் விட்டால் பேர் கெட்டுப்போகும். அவளுக்கு என்ன தெரியும், என்ன செய்ய ஆசை என்று முதலில் கேட்டீர்களா? முகாமில் நிறையப் பெண்கள் தையல் படித்திருப்பார்கள், சுய உதவிக் குழுவில் கணக்கு எழுதியிருப்பார்கள். பவானிசாகர் வெயிலில் வளர்ந்த உடம்பு, பொகவந்தலாவ மழையிலும் குளிரிலும் மலையில் நின்று கொழுந்து பறிக்கப் பழக நாளாகும். கையில் வேகம் வராமல் கிலோ குறைந்தால் அரை நாள் பேர்தான் விழும், பாதிச் சம்பளம்தான், அந்த அவமானத்தை முதல் மாதத்திலேயே அவளுக்குக் கொடுக்காதீர்கள்.

---

ஓய்வு_நுவரெலியா எழுதியது:

நான் பிரதேச செயலகத்தில் வேலை செய்து ஓய்வு பெற்றவன். செல்வி சொன்னது எல்லாம் சரி. சட்டப் பக்கத்தைக் கொஞ்சம் விளக்குகிறேன், ராணியின் தங்கச்சி கேட்ட கேள்விக்குப் பதில் அதில்தான் இருக்கிறது.

முதலில் பார்க்க வேண்டியது தாயின் குடியுரிமை. 1948ல் குடியுரிமைச் சட்டம் வந்தபோது தோட்டத்து நம்மாட்கள் கிட்டத்தட்ட எல்லோரும் நாடற்றவர்களானார்கள். 1964 சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்தில் 5,25,000 பேரை இந்தியா எடுப்பது, 3,00,000 பேரை இலங்கை எடுப்பது என்று தலைகளைப் பங்கு போட்டார்கள், மீதி 1,50,000 பேரை 1974ல் பாதிக்குப் பாதி பிரித்தார்கள். இந்தியாவுக்கும் போகாமல் இங்கேயும் கிடைக்காமல் நடுவில் நின்ற குடும்பங்கள்தான் பலது வவுனியா, கிளிநொச்சி பக்கம் போனது. அதனால் உங்கள் சித்தி சித்தப்பாவுக்குக் குடியுரிமை இருந்ததா என்பது முதல் கேள்வி. இருந்திருந்தால் தங்கச்சி பிறப்பால் இலங்கைக் குடிமகள், பேச்சே இல்லை. இல்லாவிட்டாலும் பயப்பட வேண்டாம். 2003ஆம் ஆண்டு 35ஆம் இலக்கச் சட்டம், 1964 அக்டோபர் 30 முதல் இங்கே நிரந்தரமாக வசித்த இந்திய வம்சாவளியினருக்கும் அவர்களின் வழிவந்தவர்களுக்கும் குடியுரிமை கொடுத்தது. ஆனால் சண்டைக்குப் பயந்து இந்தியாவுக்கு ஓடியவர்கள் "நிரந்தரமாக வசித்தவர்" என்பதற்குள் வரமாட்டார்கள் என்ற சிக்கல் இருந்தது. 2009ல் அதைத் திருத்தி, முகாம்களில் இருந்தவர்களையும் சேர்த்துக்கொண்டார்கள். ஆகவே இரண்டு வழியில் ஒரு வழி அவளுக்குத் திறந்துதான் இருக்கிறது.

அவள் வவுனியாவில் பிறந்தபோது பிறப்பைப் பதிந்திருந்தால் அந்தச் சான்றிதழின் பிரதியை நீங்களே இங்கிருந்து எடுத்து அனுப்பலாம். 1960க்குப் பிறகு பதிந்தவை கணினியில் ஏறியிருந்தால் எந்தப் பிரதேச செயலகத்திலும் கிடைக்கும், வவுனியாவுக்கு ஓட வேண்டியதில்லை. அவளுடைய முழுப் பெயர், தகப்பன் பெயர், பிறந்த தேதி, பிறந்த இடம், இவ்வளவும் எழுதி எடுத்துக்கொண்டு போங்கள். சித்தியின் பழைய தோட்டத்தில் பிரட்டுப் புத்தகம் (வேலையாட்களின் வரவுப் பதிவு), பிள்ளை மடுவத்துப் (குழந்தைகள் காப்பகம்) பதிவு, பழைய ரேஷன் அட்டை ஏதாவது இருந்தால் அதையும் தேடி வையுங்கள், குடும்பம் இந்த நாட்டில் இருந்ததற்கு அதுவும் ஒரு சாட்சி.

பிள்ளைகள் விஷயம் தெளிவு. வெளிநாட்டில் பிறந்த பிள்ளைக்கு முன்பு தகப்பன் வழியாகத்தான் குடியுரிமை. 2003ல் இன்னொரு திருத்தம் வந்து தாய் வழியாகவும் ஆனது. தகப்பன் இல்லை, கல்யாணத்தைப் பதியவில்லை என்பதெல்லாம் இப்போது தடையாக நிற்காது, தாயின் குடியுரிமை நிரூபணமானால் போதும். சென்னையில் பதிய முடியாமல் போனால் பத்தரமுல்லையில் குடிவரவு குடியகல்வுத் திணைக்களத்தில் பதியலாம், ஆனால் அது மலையிலிருந்து இறங்கி ஏறுகிற அலைச்சல், பிந்திய பதிவுக்கு மேலதிகக் கட்டணமும் உண்டு.

வந்த வாரமே கிராம சேவகரிடம் கூட்டிக்கொண்டு போய் உங்கள் வீட்டில் வசிப்பதாகப் பதியுங்கள். அதை வைத்துத்தான் தேசிய அடையாள அட்டை, வாக்காளர் இடாப்பு, அஸ்வெசும என்ற அரசாங்க உதவிப் பணம் எல்லாம். முகவரி எழுதும்போது ஒரு கவனம். தோட்டத்து முகவரி போட்டால் கடிதம் தோட்டத்து ஆபிசுக்குப் போய் அங்கே கட்டோடு கிடக்கும், நேர்முகத் தேதி தாண்டிய பிறகு கைக்கு வந்த கதைகள் எனக்கு நிறையத் தெரியும். டவுனில் கடை வைத்திருக்கும் நம்பிக்கையான ஆள் யாராவது இருந்தால் அவர் மேற்பார்வை என்று போடுங்கள், போன் நம்பரையும் விண்ணப்பத்தில் பெரிதாக எழுதுங்கள்.

கடைசியாக, பயணம். 2025 மே மாதம் ஐ.நா. அகதிகள் அமைப்பான யூ.என்.எச்.சி.ஆர். ஏற்பாட்டில் திரும்பி வந்த ஒரு வயதானவரை, முன்பு அனுமதியில்லாமல் நாட்டை விட்டுப் போனார் என்று பலாலி விமான நிலையத்தில் பிடித்துவிட்டார்கள். நாடு முழுக்கக் கண்டனம் வந்து பிறகு விடுதலையானார். மூன்று வயதில் தூக்கிக்கொண்டு போன பிள்ளை மேல் யாரும் அந்தப் பழியைப் போட முடியாது. ஆனாலும் இந்தியப் பக்கத்தில் வெளியேறும் அனுமதி, துணைத் தூதரகத்தின் பயணப் பத்திரம் இரண்டும் கையில் இல்லாமல் டிக்கெட் போட வேண்டாம். வரும் நாளையும் விமானத்தையும் உங்களிடம் முன்பே சொல்லட்டும். ஏதாவது பிரச்சினை என்றால் மனித உரிமைகள் ஆணைக்குழுவின் 1996 நம்பருக்கு அடியுங்கள். கள்ளப் படகு என்று யார் ஆசை காட்டினாலும் கூடவே கூடாது, பிள்ளைகளோடு சொல்லவே வேண்டாம்.

---

லிந்துலை_குமார் எழுதியது:

எல்லோரும் வா வா என்று சொல்கிறீர்கள், நான் மாற்றிச் சொல்கிறேன், கோபிக்க வேண்டாம். இங்கே என்ன இருக்கிறது? இருநூறு வருஷமாக இருக்கிற நமக்கே காணித்துண்டு இல்லை. தோட்டத்தில் பேர் இல்லாதவளுக்கு வீடு தர மாட்டார்கள். 2024ல் சண்டை போட்டு அடிப்படைச் சம்பளத்தை 1,350 ரூபாய் ஆக்கினோம், அதுவும் எத்தனை நாள் வேலை தருகிறார்கள் என்று எல்லோருக்கும் தெரியும். அங்கே குடும்பத் தலைவருக்கு மாதம் 1,500, பிள்ளைக்கு 500 என்று அரசாங்கம் இந்திய ரூபாயில் கொடுக்கிறது, ரேஷன் அரிசி உண்டு, 2021லிருந்து புது வீடுகள் கட்டிக் கொடுக்கிறார்கள். பெரிய பிள்ளை இன்னும் நாலு வருஷத்தில் காலேஜ் போய்விடும். அதைக் கெடுத்து இங்கே கொண்டு வந்து மண் வெடித்த லயத்தில் வைப்பதா? அக்கா பாசத்தில் முடிவெடுக்காதீர்கள்.

---

வவுனியா_செல்வி எழுதியது:

குமார் அண்ணன், நீங்கள் சொல்லும் கஷ்டம் எல்லாம் உண்மை. ஆனால் அந்தப் பிள்ளை காலேஜ் முடித்த பிறகு என்ன என்று யோசியுங்கள். 1987 ஜூலைக்குப் பிறகு இந்தியாவில் பிறந்த பிள்ளைக்குத் தாய் தகப்பனில் ஒருவராவது இந்தியக் குடிமகனாக இருந்தால்தான் அந்த நாட்டுக் குடியுரிமை. 2019ல் அவர்கள் கொண்டு வந்த திருத்தச் சட்டத்திலும் பாகிஸ்தான், பங்களாதேஷ், ஆப்கானிஸ்தானைச் சொன்னார்கள், இலங்கையைச் சொல்லவில்லை. முகாமில் என்ஜினியரிங் முடித்துவிட்டு, குடியுரிமை இல்லை என்பதால் அரசாங்க வேலைக்கு விண்ணப்பம் போட முடியாமல், பாஸ்போர்ட்டும் எடுக்க முடியாமல், தகப்பனோடு பெயிண்ட் வாளி தூக்கிப் போன பையன்களோடுதான் நான் வளர்ந்தேன். புருஷன் இல்லாத பொம்பிளைக்கு முகாமில் தனியாக இருப்பது என்ன என்பதையும் நான் இங்கே விரித்து எழுத விரும்பவில்லை.

இருப்பதா வருவதா என்பதை அவள் முடிவெடுத்துவிட்டாள் அண்ணன். அந்த முடிவை நாம் மதிப்போம். மண் வெடித்த இடத்தைப் பற்றி நீங்கள் சொன்னது மட்டும் நூற்றுக்கு நூறு சரி. ராணி அக்கா, தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்து ஆட்கள் உங்கள் லயத்தைப் பார்த்து என்ன சொன்னார்கள்? அவர்கள் சரி என்று சொல்லாமல் அங்கே இன்னும் மூன்று பேரைக் கூட்டி வந்து படுக்க வைக்காதீர்கள். டவுன் பக்கம் ஒரு சின்ன அறை வாடகைக்குக் கிடைத்தால் முதல் ஆறு மாதம் அதுவே நல்லது, அவளுக்கும் கதவைச் சாத்திக்கொண்டு அழ ஒரு இடம் வேண்டும்.

---

அட்டன்_டீச்சர் எழுதியது:

பள்ளிக்கூட விஷயத்துக்கு நான் வருகிறேன்.

ராணி, வயதைப் பார்த்துத்தான் தரம். 13 வயதுப் பிள்ளையை எட்டில் அல்லது ஒன்பதில் போடுவார்கள். நான் சொல்வது, எட்டிலேயே சேருங்கள். பதினோராம் தரத்தில் வரும் ஓ.எல். பரீட்சைக்கு முன்னால் இங்கத்துப் பாடங்களைப் பிடிக்க அவளுக்கு முழுசாக மூன்று வருஷம் கிடைக்கும். கணக்கு, விஞ்ஞானம், இங்கிலீஷ் மூன்றிலும் தமிழ்நாட்டுப் பிள்ளைகள் பின்தங்க மாட்டார்கள், என் அனுபவத்தில் இங்கிலீஷில் நம் பிள்ளைகளைவிட மேல். இடிக்கிற இடம் வேறு. இரண்டாம் மொழி சிங்களம், வரலாறு, அப்புறம் சமய பாடம். அங்கே பள்ளிக்கூடத்தில் சைவநெறி என்று ஒரு பாடமே கிடையாது, இங்கே ஓ.எல். வரைக்கும் சமயம் கட்டாயம். சிங்களத்துக்கு ஆறாம் தரப் புத்தகத்திலிருந்து ஆரம்பிக்க வேண்டாம், ஒன்றாம் இரண்டாம் தரத்துப் பிள்ளைகளின் புத்தகம் வாங்கிக் கொடுங்கள். தம்பியும் அக்காளும் சேர்ந்தே எழுதிப் பழகட்டும், சின்னவன் அவளை முந்திவிடுவான், அந்தப் போட்டியே அவளைப் படிக்க வைக்கும்.

என் வகுப்பில் முகாமிலிருந்து வந்த பிள்ளை ஒன்று இருந்தது. வாசலில் யார் நிழல் விழுந்தாலும் எழுந்து நிற்கும், பையை மடியை விட்டு இறக்காது. ஒரு நாள் முதலாம் விஜயபாகு பொலன்னறுவையிலிருந்து சோழரைத் துரத்திய பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். பிள்ளை எழுந்து, "மிஸ், எங்க புக்குல சோழருங்க நல்லவங்க" என்றது. வகுப்பே சிரித்துவிட்டது, பிள்ளையின் முகம் சுருங்கிப்போனது. உட்காரச் சொல்லாமல், உங்கள் புத்தகத்தில் என்ன இருந்தது, சொல்லு கேட்போம் என்றேன். ராஜராஜன், தஞ்சாவூர்க் கோயில், கல்லணை என்று அது பாட்டுக்குச் சொல்லிக்கொண்டே போனது. தஞ்சாவூர்க் கோயிலைத் தானே சுற்றுலா போய்ப் பார்த்ததாகச் சொன்னதும் மற்றப் பிள்ளைகள் கேள்வி கேட்க ஆரம்பித்துவிட்டார்கள், எவ்வளவு உயரம், உள்ளே விட்டார்களா, யானை இருந்ததா என்று. அன்றைக்குத்தான் பை முதல் தடவையாக மேசைக்குக் கீழே போனது. தங்கச்சி மகளின் வகுப்பாசிரியரைப் போய்ப் பார்த்து, இந்தப் பிள்ளைக்கு இன்னின்ன தெரியும், பேசக் கொஞ்சம் இடம் கொடுங்கள் என்று நீங்களே சொல்லுங்கள். "அகதி", "இந்தியாக்காரி" என்று பிள்ளைகள் கூப்பிடுவார்கள், மறைத்துப் பிரயோசனம் இல்லை. நம் தாத்தா பாட்டிகளை இங்கே கள்ளத்தோணி என்றார்கள், அங்கே போனவர்களைச் சிலோன்காரன் என்றார்கள், அதே வார்த்தையை நம் பிள்ளைகள் நம் பிள்ளையைப் பார்த்துச் சொல்வதை எந்த ஆசிரியரும் சும்மா விடக்கூடாது. அதிபரிடம் முதல் நாளே பேசுங்கள்.

சேர்ப்பதற்கு டி.சி.யும் மார்க் ஷீட்டும் போதும், குடியுரிமைச் சான்றிதழ் கையில் இருந்தால் கேள்வியே வராது. ஏதாவது குறைகிறது என்று பள்ளிக்கூடம் தயங்கினால் வீட்டுக்குத் திரும்பாமல் நேரே வலயக் கல்வி அலுவலகத்துக்குப் போங்கள். 5 வயதிலிருந்து 16 வயது வரைக்கும் படிப்பு இங்கே கட்டாயம், பேப்பருக்காக ஒரு பிள்ளையை வீட்டில் உட்கார வைக்க முடியாது என்று தைரியமாகச் சொல்லுங்கள். புத்தகமும் சீருடைத் துணியும் இலவசம். தங்கச்சிக்குத் தையல் தெரியுமென்றால் இதிலும் ஒரு வேலை இருக்கிறது, வருஷா வருஷம் அந்தத் துணியைத் தைக்க டவுனில் காத்துக் கிடக்கிறோம், தோட்டத்துக்குள்ளேயே ஒருத்தி தைத்தால் எல்லோரும் அவளிடம்தான் வருவார்கள்.

ஊசி விஷயம் யாரும் சொல்லவில்லை. இங்கே 2017லிருந்து ஆறாம் தரத்துப் பெண் பிள்ளைகளுக்கு எச்.பி.வி. ஊசி போடுகிறார்கள், கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் வராமல் தடுக்கிறது. தங்கச்சி மகள் அந்தத் தரத்தைத் தாண்டி வருவதால் தவறிப்போகும். இரண்டு பிள்ளைகளின் ஊசி அட்டையையும் எடுத்துக்கொண்டு மிட்வைஃப் மிஸ்ஸைப் பாருங்கள், அவர் எம்.ஓ.எச். (சுகாதார வைத்திய அதிகாரி) ஆபிசில் கேட்டுச் சொல்வார். தங்கச்சியையும் காட்டுங்கள். புருஷனைப் பறிகொடுத்தவள், ஊரையும் விட்டு வருகிறவள், ராத்திரியில் தூக்கம் வராமல் கிடந்தால் அதையும் மிட்வைஃபிடம் சொல்லலாம், அதற்கும் ஆஸ்பத்திரியில் ஆள் இருக்கிறது.

---

பொகவந்தலாவ_ராணி எழுதியது:

எல்லோருக்கும் எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை. நேற்று ராத்திரி முழுவதையும் தங்கச்சிக்குப் போனில் வாசித்துக் காட்டினேன். செல்வி, நீங்கள் சொன்னபடி அவளிடம் கேட்டேன், நிஜமாகவே தையல் படித்திருக்கிறாள், மெஷினை விற்றுவிட்டு வரலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தாளாம். விற்க வேண்டாம், கொண்டு வர வழி பார் என்று சொல்லிவிட்டேன். லயத்தைப் பார்த்தவர்கள் மழைக் காலத்தில் இருக்க வேண்டாம் என்றுதான் சொன்னார்கள், அதனால் டவுனில் அறை தேடுகிறோம். வீட்டுக்காரரும் தோட்ட வேலைக்கு இப்போது வேண்டாம் என்று ஒத்துக்கொண்டார்.

இன்னும் ஒன்று கேட்க வேண்டும். பக்கத்து லயத்தில் ஒருவர் வந்து, பேப்பர் எடுத்ததும் சொல்லுங்கள், குவைத்துக்கு வீட்டு வேலைக்கு அனுப்பிவிடலாம், பிள்ளைகளை நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள், முன்பணம் கையில் தருகிறோம் என்கிறார். மாமியாருக்கு அந்தப் பேச்சு பிடித்திருக்கிறது. பெரியவளைக் கொழும்பில் ஒரு வீட்டில் விடலாம் என்றும் ஒருவர் சொன்னார், எனக்கு வயிறு எரிந்தது. அப்புறம், எந்த மாதத்தில் வந்தால் நல்லது?

---

வவுனியா_செல்வி எழுதியது:

அக்கா, அந்த ஆளை வாசலோடு அனுப்பிவிடுங்கள். புதிதாக வந்த, ஆண் துணையில்லாத பெண் எங்கே இருக்கிறாள் என்று இவர்களுக்கு மணத்துவிடும். தகப்பனை இழந்து, ஊரை விட்டு வந்த பிள்ளைகளிடமிருந்து தாயையும் இப்போது பிரித்தால் அந்தப் பிள்ளைகள் யாரைப் பிடித்துக்கொண்டு நிற்கும்? நாலைந்து வருஷம் கழித்து, பிள்ளைகள் ஊன்றிய பிறகு, அவளாக விரும்பினால் போகட்டும், அப்போதும் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் பதிந்த ஏஜென்சி வழியாக மட்டும். முன்பணம் வாங்கினால் இடையில் வேண்டாம் என்று சொல்லும் வாய் போய்விடும். மாமியாரிடம் சண்டை வேண்டாம், தங்கச்சியின் வாடகையும் சாப்பாடும் எப்படி நடக்கும் என்று கணக்கு எழுதிக் காட்டுங்கள், அவருக்குப் பயம் அதில்தான் இருக்கும்.

பெரியவளை வீட்டு வேலைக்குக் கேட்டவர் மறுபடி வந்தால் 1929க்கு அடிப்பேன் என்று முகத்துக்கு நேரே சொல்லுங்கள், அது சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் நம்பர், 24 மணி நேரமும் எடுப்பார்கள். தங்கச்சிக்கு யாராவது தொந்தரவு கொடுத்தால் பெண்களுக்கு 1938. இரண்டையும் அவள் போனிலேயே பதிந்து கொடுங்கள். பிரதேச செயலகத்தில் மகளிர் அபிவிருத்தி உத்தியோகத்தர் இருப்பார், சிறுவர் உரிமைக்கும் ஒருவர் இருப்பார், வந்த மாதமே இரண்டு பேரிடமும் அவளையே நேரில் கூட்டிக்கொண்டு போய் முகத்தைக் காட்டி வையுங்கள்.

பெரியவள் அழட்டும் அக்கா, அழக்கூடாது என்று சொல்லாதீர்கள். அவளுக்கு அதுதான் ஊர். அங்கத்துக் கூட்டாளிகளின் நம்பரை எல்லாம் எழுதி எடுத்துக்கொண்டு வரச் சொல்லுங்கள், இங்கே வந்ததும் டேட்டா போட்டுக் கொடுங்கள். உங்கள் மகளுக்கும் அவள் வயதுதானே, இப்போதே இரண்டு பேரையும் வாட்ஸ்அப்பில் பேச விடுங்கள், பெரியவர்கள் நடுவில் போகாமல். என் மகள் வந்து இறங்கும் முன்னாலேயே மச்சாளோடு சண்டை போட்டு ராசியாகி முடித்திருந்தாள்.

மாதம் என்றால், ஏப்ரலில் அவளுடைய முழுப் பரீட்சை முடியட்டும், மார்க் ஷீட் டி.சி. எல்லாம் முழுசாகக் கையில் வாங்கட்டும். பேப்பர் தயாராக இருந்தால் மே மாதத் தொடக்கத்தில் வந்துவிட்டால் இங்கே இரண்டாம் தவணையில் சேரலாம், பெரிய மழை பிடிப்பதற்குள் ஆஸ்பத்திரி, கிராம சேவகர் வேலையும் முடியும். பேப்பர் பிந்தினால் அவசரப்படுத்த வேண்டாம், ஜனவரியில் புது வருஷத்தோடு சேரட்டும், ஜூன் ஜூலையில் மட்டும் வர வேண்டாம். கம்பளி, ஜெர்சி, மழைக் கோட் எல்லாம் அங்கே வாங்கிப் பையைப் பாரமாக்க வேண்டாம், அட்டனில் மலிவு. தையல் மெஷினில் தலைப் பகுதியை மட்டும் கழற்றிக் கொண்டு வரச் சொல்லுங்கள், காலும் பலகையும் இங்கே பழசு கிடைக்கும். விமானத்தில் எவ்வளவு கிலோ விடுவார்கள் என்று டிக்கெட் போடும்போதே கேட்கட்டும்.

வந்து சேர்ந்ததும் எழுதுங்கள் அக்கா. வவுனியாவில் பழைய பிறப்புப் பதிவு தேட வேண்டி வந்தால் நானே போய்ப் பார்க்கிறேன்.